பின்பக்க டைமிங் செயின், வீட்டில் இறக்கும் கியர் பொக்ஸ்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் பழைய பீ.எம்.டபிள்யூ. 520டி கார் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசியில் எஞ்சினின் டைமிங் செயின் சத்தத்தில்தான் வந்து நிற்கும். கீழே உள்ள கேள்விகள் அப்படிக் கேட்கப்படுபவை. பதில்கள் பீ.எம்.டபிள்யூ.வின் எஃப்10 உடல் கொண்ட 520டி காரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 2010 முதல் 2014 வரை வந்த இந்தக் காரில் 1995 சிசி என்47 டீசல் எஞ்சினும், பெரும்பாலும் இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு கியர் ஒட்டோமெட்டிக் பொக்ஸும் இருக்கும். அதே காலத்து 318டி, 320டி, எக்ஸ்1 கார்களிலும் இந்த எஞ்சின் வந்தது. அளவுகள் கொஞ்சம் மாறினாலும் வேலை ஒன்றுதான்.

செயினை மாற்றக் கியர் பொக்ஸை ஏன் இறக்க வேண்டும்?

நாம் பழகிய எஞ்சின்களில் டைமிங் செயின் பெல்ட் ஓடும் பக்கத்தில் இருக்கும். என்47-இல் அது பின்பக்கம், கியர் பொக்ஸ் வந்து பொருந்தும் முகத்தில் இருக்கிறது. பிஸ்டன்கள் சுற்றும் கிரேங்க் ஷாஃப்ட்டிலிருந்து டீசலை அழுத்தும் ஹை பிரஷர் பம்ப்புக்கு ஒரு செயின், அந்தப் பம்ப்பிலிருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்கு ஒன்று, கீழே ஒயில் பம்ப்புக்கு ஒன்று என்று மூன்றும் அங்கேயே ஓடுகின்றன. கியர் பொக்ஸ் நகராமல் அந்த மூடியைத் திறக்க முடியாது.

வடிவமைத்தவர்களிடம் இதற்கு நியாயம் இருந்தது. காரில் அடிபடும் பாதசாரியின் தலைக்குப் பொனட்டின் கீழே இடைவெளி வேண்டும் என்று ஐரோப்பிய விதிகள் கேட்டன. செயினைப் பின்னால் தள்ளினால் எஞ்சினின் முன்பக்கம் தாழும். அதோடு கிரேங்க் ஷாஃப்ட்டின் முறுக்கு அதிர்வும் ஃப்ளைவீல் பக்கம் குறைவு. பழுது பார்க்கப் போகிறவனின் முதுகை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

என் காரும் அந்த வகையா?

விட்ஸ், அக்சியோ, அக்வா, பிரியஸ், வெசல் வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். செயின் முன்பக்கம்தான், கியர் பொக்ஸைத் தொட வேண்டியதில்லை. கேடிஎச் டொல்பின் வேன்களின் டீசல் எஞ்சினில் ஓடுவது டைமிங் பெல்ட். அது வேறு கதை.

பின்பக்கச் செயின் உள்ளவை: பீ.எம்.டபிள்யூ.வின் என்47, அதன் ஆறு சிலிண்டர் அண்ணன் என்57, 2014-க்குப் பிறகு வந்த பி47, ஔடியின் 3.0 டிடிஐ, பழைய ஃபோக்ஸ்வேகன் விஆர்6, ரேஞ்ச் ரோவர் இவோக், டிஸ்கவரி ஸ்போர்ட் கார்களில் வரும் இன்ஜீனியம் 2.0 டீசல். மெர்சிடிஸின் ஓஎம்651-இலும் செயின் பின்பக்கம்தான். ஆனால் அதில் பழைய செயினை மேலே அறுத்து, புதியதை அதன் வாலில் கோத்து, எஞ்சினைச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுத்து ரிவெட் அடிக்கும் வழி உண்டு. செயின் ஓடும் பிளாஸ்டிக் வழிகாட்டிகளை அப்படி மாற்ற முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேட்கும் சத்தம் செயின்தான் என்று எப்படி உறுதி செய்வது?

செயின் சத்தம் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்கும். முதலில் சில விநாடி உலோகம் உரசி அடங்கும். பிறகு சூடான எஞ்சினிலும் நிற்காது. 1500 முதல் 2000 சுற்றுக்குள் தெளிவாகக் கேட்கும், சுற்று கூடக் கூடக் கூடும். முக்கியமாக, அது பொனட்டின் முன்னாலிருந்து வராது. டேஷ்போர்டுக்குப் பின்னால், கியர் நெம்புகோல் இருக்கும் மேட்டுக்குக் கீழே கேட்கும்.

மலைப் பாதையில் ஒரு வசதி இருக்கிறது. மண் வெட்டிப் போட்ட ரோட்டில் பாறைச் சுவர் ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெட்டவெளியில் கேட்காத சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

அப்புறம் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை முதலில் பெல்ட் பக்கமும் பிறகு கியர் பொக்ஸ் கூடு எஞ்சினோடு சேரும் இடத்திலும் வைத்துக் கேளுங்கள். பெல்ட் கப்பிகள் மீது சந்தேகம் இருந்தால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் ஓட விடலாம். தண்ணீர் பம்ப் பெல்ட்டில்தான் ஓடுகிறது, அதனால் அதற்கு மேல் வேண்டாம்.

சத்தத்தைவிட நம்பகமான சாட்சி ஒயில் ஃபில்டர். மூடியைத் திறந்து காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். கருப்பு ஒயிலில் மின்னும் உலோகத் தூள், விரலில் நெருடும் பிளாஸ்டிக் துணுக்கு இருந்தால் வழிகாட்டி உடையத் தொடங்கிவிட்டது. ஃபில்டர் சுத்தமாக, சத்தம் மட்டும் இருந்தால் கொஞ்சம் பொறுத்து இன்ஜெக்டர், சைலன்சர் வெப்பத் தகடு, கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஒட்டோமெட்டிக் பொக்ஸுக்குக் கொடுக்கும் உருளை) பூட்டியிருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டில் வெடிப்பு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் கேம் ஷாஃப்ட்டும் கிரேங்க் ஷாஃப்ட்டும் பொருந்தவில்லை என்ற கோட் வந்தால் பொறுக்க எதுவும் இல்லை.

சத்தத்தோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

வேண்டாம். செயின் அறுந்தால் பிஸ்டன் வால்வில் அடிக்கும், ராக்கர்கள் உடையும், எஞ்சின் அந்த இடத்திலேயே நிற்கும். ரம்பொடை வளைவில் இறங்கும்போது நின்றால் பிரேக் பூஸ்டரும் ஓரிரு மிதியோடு விறைத்துவிடும். காரைக் கராஜுக்குக் கொண்டுபோகவும் கெரியர் லொறியைப் பிடியுங்கள்.

மலை ஏறி இறங்குவதால்தான் செயின் தேய்கிறதா?

ஏற்றத்தின் மீது பழி போடுவது சுலபம். உண்மையான காரணம் பெரும்பாலும் ஒயில். ஐரோப்பிய நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு வகுத்த 25,000, 30,000 கிலோமீட்டர் சேர்விஸ் இடைவெளி இங்கே பொருந்தாது. தலவாக்கலையிலிருந்து கொட்டகலைக்குப் போய் வரும் குட்டி ஓட்டங்களில் எஞ்சின் சரியாகச் சூடாவதே இல்லை. டீசல் புகைக்கரி ஒயிலில் சேரும், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் நுண்ணிய வழிகள் மந்தமாகும், கரி கலந்த ஒயில் செயினின் ஊசிகளைத் தேய்க்கும். பீ.எம்.டபிள்யூ.வின் எல்எல்-04 தர 5டபிள்யூ-30 ஒயிலை 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் மாற்றினால் செயினுக்கு ஆயுள் கூடும். ஏற்றத்தில் அதிக சுமையில் குறைந்த சுற்றில் முக்க விடாமல் கியரைக் குறைத்துக்கொள்வதும் நல்லது.

எங்கள் முற்றம் சரிவு. அங்கேயே செய்யலாமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். மலையகத்தில் வீட்டு வாசல் மட்டமாக இருப்பது அதிர்ஷ்டம். லயன் முற்றமோ, மண் வெட்டிக் கட்டிய வீட்டுக் கராஜோ, கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் தண்ணீர் ஓடவென்று ஒரு பக்கம் சாய்த்திருப்பார்கள். மேசனிடம் ரசமட்டம் வாங்கி நீளமான பலகை மேல் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சரிவு ஏன் இவ்வளவு ஆபத்து? இந்தக் கார் பின்சில்லில் இழுப்பது. ‘பி’யில் போட்டால் பூட்டுவது கியர் பொக்ஸுக்குள் இருக்கும் ஒரு கொக்கி. அந்தப் பூட்டு புரொப்பெலர் ஷாஃப்ட் வழியாகத்தான் பின்சில்லுக்குப் போகிறது. ஷாஃப்ட்டைக் கழற்றிய நொடியே ‘பி’ என்பது வெறும் எழுத்து. மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக். இந்தக் காரில் அது மின்சாரத்தில் இயங்குவது, பெட்டரியைக் கழற்றினால் எந்த நிலையில் விட்டீர்களோ அந்த நிலையிலேயே நிற்கும். அதுவும் பின்சில்லு தரையைத் தொடும்வரைதான் பயன். நான்கு ஸ்டாண்டிலும் கார் ஏறிவிட்டால் எந்தப் பிரேக்கும் அதைப் பிடிக்காது, ஸ்டாண்டுகளும் தரையும்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது மண். நம் செம்மண் காயும்போது கல், ஒரு மழைக்குக் களி. ஜெக் ஸ்டாண்டின் கால் அதில் மெதுவாக இறங்கும், ஒரு பக்கம் மட்டும் இறங்கும். கொங்கிரீட் தரை இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே இரண்டு அங்குலக் கனப் பலகை, அதற்கு மேல் இரும்புத் தகடு வையுங்கள். புளொக் கல்லை அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவதை நம் ஊரில் சகஜமாகப் பார்க்கலாம். அந்தக் கல் வெடிப்பு காட்டி எச்சரிக்காது, ஒரேயடியாகப் பொடிந்து உட்காரும். பெயின்ட் வாளி, மரக்குற்றி கதையும் அப்படியே.

மட்டமான கொங்கிரீட் இல்லையா? ஊரில் லொறி கராஜ் வைத்திருக்கும் பாஸ் (மெக்கானிக்) யாரிடமாவது குழியை வாடகைக்குக் கேளுங்கள். கோயில் மண்டபம் கட்டப் போட்ட தரை, கூட்டுறவுக் கடைக் களஞ்சியம் என்று கேட்டால் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. குழியில் இறங்கினால் பெட்ரோல், கேஸ் எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனம், கீழே வந்து தேங்கும்.

இவை எதுவும் கிடைக்காவிட்டால் இந்த வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

ஹட்டன், நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதத்திலிருந்து தென்மேல் பருவமழை மேற்குச் சரிவில் விடாது. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வறட்சிதான், ஆனால் காற்று தூசியை வாரி இறைக்கும். திறந்த எஞ்சினுக்குத் தூசி மழையைவிட மோசம். பனி இறங்கும் இடங்களில் கழற்றி வைத்த இயந்திர முகங்கள் ஒரே இரவில் துருப் பிடிக்கும், ஒயில் துணியால் துடைத்துப் பொலித்தீனால் மூடி வையுங்கள்.

தொடங்கும் முன் என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

கார் மேலே ஏறிய பிறகு கருவி தேடி அலையக் கூடாது. நல்ல ஜெக் ஸ்டாண்ட் நான்கு, பட்டி போட்டுக் கட்டக்கூடிய கியர் பொக்ஸ் ஜெக், எஞ்சினை மேலிருந்து தொங்கவிடும் குறுக்குச் சட்டம், வெளிப்பக்க நட்சத்திரத் தலைகளுக்கான இ-டோர்க்ஸ் சொக்கட்டுகள் (இ10, இ12, இ14 கட்டாயம்), முழங்கை நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன்கள், டோர்க் ஸ்பெனர், கோணம் அளக்கும் வட்டு. எஞ்சினுக்கான தனிக் கருவிப் பெட்டி: கிரேங்க்கைப் பூட்டும் ஊசி, கேம் ஷாஃப்ட்டுகளைப் பிடிக்கும் சட்டம், ஹை பிரஷர் பம்ப்பின் பற்சில்லை இழுக்கும் கருவி. இந்த மூன்றும் இல்லாமல் மூடியைத் திறப்பதில் அர்த்தம் இல்லை. குறி போட்டு வைத்துக்கொண்டால் போதும் என்று சொல்லும் பாஸ்மார் உண்டு. தேய்ந்து நீண்ட செயினில் போட்ட குறி புதுச் செயினுக்கு உதவாது.

இன்னொன்று, கூட ஒரு ஆள். காருக்குக் கீழே இருப்பவருக்கு மேலே ஒருவர் வேண்டும், சும்மா நின்றாலும் சரி.

கியர் பொக்ஸை எப்படி இறக்குவது?

பொக்ஸும் கன்வெர்ட்டரும் சேர்ந்து 80 கிலோவை ஒட்டி வரும். நெஞ்சில் வாங்கி இறக்கும் சாமான் இல்லை. இறங்கிய பிறகு காருக்குக் கீழிருந்து வெளியே இழுக்கவும் இடம் வேண்டும், ஆகவே ஸ்டாண்ட் உயரத்தை முதலிலேயே கணக்குப் போடுங்கள்: ஜெக்கின் தாழ்ந்த உயரமும் பொக்ஸின் கூட்டின் உயரமும் சேர்ந்து காரின் கதவடி விளிம்புக்குக் கீழே போக வேண்டும்.

முதலில் டிக்கிக்குள் இருக்கும் பெட்டரியைக் கழற்றுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு யோசனை: புரொப்பெலர் ஷாஃப்ட்டின் எல்லாப் போல்ட்டையும் எட்ட ஷாஃப்ட்டைச் சுற்ற வேண்டும், ‘பி’யில் இருந்தால் சுற்றாது. பெட்டரியைக் கழற்றினால் நியூட்ரலில் விட்டிருந்தாலும் பொக்ஸ் தானாக ‘பி’க்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும், ஆகவே பின்சில்லுகள் தொங்கும் நிலையில், அந்தப் பூட்டைக் கையால் விடுவிக்கும் வழியைச் சேர்விஸ் கையேட்டில் பார்த்துவிட்டுப் பெட்டரியைத் தொடுங்கள்.

கீழ்ப் பிளாஸ்டிக் தட்டுகள், சைலன்சர் குழாய், வெப்பத் தகடு என்று வரிசையாக வரும். சைலன்சர் நட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கி அடித்து ஊறவிடுங்கள். புரொப்பெலர் ஷாஃப்ட்டின் முன்முனையில் ரப்பர் கப்ளிங் இருக்கும். ஷாஃப்ட்டுக்கும் கப்ளிங்குக்கும் பெயின்ட் குறி வைத்து, போல்ட்டைத் திருப்பாமல் நட்டை மட்டும் திருப்பிக் கழற்றுங்கள். போல்ட் சுற்றினால் ரப்பர் முறுகும். ரப்பரில் மயிர்க்கோட்டு வெடிப்பு இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். நடு பெயரிங் கழன்றதும் ஷாஃப்ட்டை மடியத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள்.

அப்புறம் பொக்ஸின் வயர் பிளக். வட்ட வளையத்தைத் திருப்பினால் கழலும். அதைச் சுற்றி ஒயில் ஈரம் இருந்தால் உள்ளே இருக்கும் சீல் குழல் போயிருக்கிறது, அது சின்னச் சாமான், பொக்ஸ் கீழே இருக்கும்போதே மாற்றுவது நல்லது. ஒயில் கூலர் குழாய்களின் வாயைச் சுத்தமான மூடியால் அடையுங்கள்.

கன்வெர்ட்டரை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு பூட்டும் போல்ட்டுகள் ஒரு சின்ன ஓட்டை வழியாக ஒவ்வொன்றாகத்தான் தெரியும். ஒருவர் முன்னால் நின்று கிரேங்க் போல்ட்டில் சொக்கட் போட்டு எஞ்சின் ஓடும் திசையில் மட்டும் சுற்ற, மற்றவர் கீழே கழற்ற வேண்டும். கடைசிப் போல்ட் கழலும்போது அது கூட்டுக்குள் விழாமல் சொக்கட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள்.

இப்போது எஞ்சினின் பின்பக்கத்துக்குத் தாங்கல். பொக்ஸின் குறுக்குச் சட்டத்தைக் கழற்றியதும் எஞ்சின் பின்னால் சாயும், முன்னால் குழாய்களும் ஃபேன் கூடும் இழுபடும். கொஞ்சம் சாய்ந்தால்தான் மேல் போல்ட்டுகள் கைக்கு எட்டும், ஆனால் ஒவ்வொரு அங்குலமாக, மேலே ஒருவர் பார்த்துச் சொல்லச் சொல்லத்தான் தாழ்த்த வேண்டும்.

கூட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகள் ஒரே நீளம் இல்லை. அட்டைத் துண்டில் கூட்டின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டுப் போல்ட்டைச் செருகி வையுங்கள். எல்லாம் கழன்ற பிறகும் பொக்ஸ் அசையாமல் நிற்கும், இரண்டு குழல் ஊசிகள் பிடித்திருக்கும். இரண்டு பக்கமும் மாறி மாறி நெம்பினால் இடைவெளி விழும். நேராகப் பின்னால் வர வேண்டும், சாய்ந்து தொங்க விடாதீர்கள். இடைவெளி விழுந்ததுமே கன்வெர்ட்டரைப் பொக்ஸ் பக்கம் தள்ளி, கூட்டின் குறுக்கே ஒரு பட்டியைக் கட்டிவிடுங்கள். அது நழுவி விழுந்தால் உங்கள் காலும் போகும், அரை வாளி ஒயிலும் முகத்தில் கொட்டும்.

கழற்றிய போல்ட்டுகளையே திரும்பப் போடலாமா?

ஒவ்வொன்றிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம், ஒருமுறை மட்டுமே இறுக்கலாம், குப்பையில் போடுங்கள். கோணம் வைத்து இறுக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் போல்ட்டுகளும் கேம் பற்சில்லுப் போல்ட்டுகளும் இரும்பாக இருந்தாலும் புதிதுதான். மற்றவற்றை மரை பழுதில்லாமல் இருந்தால் போடலாம்.

கியர் பொக்ஸ் இறங்கியாயிற்று. பாதி வேலை முடிந்ததா?

இல்லை, இனிமேல்தான் இருக்கிறது. பின்மூடியின் அடிப்பகுதி, எஞ்சின் ஒயில் தேங்கும் அடித்தட்டான சம்ப்போடு சேர்ந்து சீல் ஆகிறது. ஆகவே சம்ப்பை இறக்க வேண்டும். சம்ப் இறங்க முன், எஞ்சினைத் தாங்கும் அடிச்சட்டமான சப்ஃபிரேமைத் தாழ்த்த வேண்டும், ஸ்டியரிங் தண்டைப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு ஸ்டியரிங்கை யாரும் சுற்றிவிடாமல் கட்டி வையுங்கள், சுற்றினால் எயார் பேக் வயர் சுருள் அறுந்துபோகும். வேலை முடிந்ததும் சில்லு அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டியிருக்கும். லிஃப்ட் உள்ள கராஜ்களில் சில பாஸ்மார் எஞ்சினையும் பொக்ஸையும் சப்ஃபிரேமோடு மொத்தமாகக் கீழே இறக்கிவிடுவதற்குக் காரணம் இதுதான். லிஃப்ட் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

சம்ப்பை இறக்குவதில் ஒரு நன்மையும் இருக்கிறது. உடைந்த வழிகாட்டித் துணுக்குகள் ஒயில் உறிஞ்சும் வலையில் போய் அடைந்திருக்கும். அதைப் பார்க்காமல் புதுச் செயின் போட்டால் ஒயில் பிரஷர் விழுந்து எஞ்சினே போகும்.

மேல்மூடியைத் திறக்க இன்ஜெக்டர்களில் கை வைத்தால் எது எந்தச் சிலிண்டரில் இருந்தது என்று எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் கோட் எண்ணும் அந்தச் சிலிண்டரின் பெயரில் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கிறது.

கிரேங்க் ஷாஃப்ட்டின் பல் தேய்ந்திருந்தால்?

அந்தப் பல் தனியாகக் கழலாது, கிரேங்க் ஷாஃப்ட்டோடு ஒன்றாகச் செய்தது. பழைய செயினை எடுத்ததும் வெளிச்சம் அடித்துப் பல் ஒவ்வொன்றின் இரு முகத்திலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு விளிம்பில் தடுக்கினால், பல்லின் நுனி ஒரு பக்கம் கொக்கியாக வளைந்திருந்தால், புதுச் செயின் அதில் கொஞ்ச நாளில் பழசாகிவிடும். கிரேங்க் மாற்றுவது எஞ்சினை முழுக்கப் பிரிக்கும் வேலை. முற்றத்தில் வேண்டாம்.

மேல் செயினை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே?

செயின் விலை மட்டும் குறையும். இறக்கி ஏற்றும் உழைப்பு அதேதான். மூன்று செயின், வழிகாட்டிகள், டென்ஷனர், கிரேங்க் பின் சீல், கியர் பொக்ஸின் முன் சீல் எல்லாம் சேர்த்தே போடுங்கள்.

பாகங்களை எங்கே வாங்குவது?

கொழும்பில் பஞ்சிகாவத்தை. போகும் முன் சேசிஸ் நம்பரின் கடைசி ஏழு இலக்கங்களை எழுதிக்கொண்டு போங்கள், பீ.எம்.டபிள்யூ. பாகங்களை அதை வைத்துத்தான் தேடுவார்கள். வழிகாட்டிகளையும் டென்ஷனரையும் பழைய எஞ்சினிலிருந்து கழற்றியதாக வாங்காதீர்கள். கேஸ்கட் பசை, போல்ட், சீல் எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் வாங்கிவிடுவது நல்லது. ஒரு ஓ-ரிங்குக்காக மறுபடி பஸ் ஏறிக் கொழும்பு போவது மனிதனைச் சலிக்க வைக்கும்.

பேசாமல் ரீகண்டிஷன் எஞ்சின் போட்டால் என்ன?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய காரைக் காப்பாற்றி ஓட்டுவதே எல்லோருக்கும் வழக்கமானது. எஞ்சின் போடுவதில் தப்பில்லை. ஆனால் அதுவும் என்47 தானே, அதன் செயின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யார் சொல்வார்கள்? வாங்கினால், காரில் ஏற்றும் முன் தரையில் வைத்தே அதன் செயினையும் மாற்றுங்கள். அப்போது அது சுலபமான வேலை.

கன்வெர்ட்டரைத் திரும்ப ஏற்றுவதில் என்ன கவனம்?

அதன் கழுத்து பொக்ஸின் பம்ப்புக்குள் முழுதாக உட்கார வேண்டும். மெதுவாகச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். டக் என்று ஒரு படி, இன்னும் சுற்றினால் மறுபடி ஒரு டக். போதும் என்று தோன்றும் இடத்தில் இன்னொரு படி பாக்கி இருக்கும். கூட்டின் விளிம்பில் நேர்கோல் வைத்து, கன்வெர்ட்டர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று கழற்றிய நாளிலேயே அளந்து வைத்தால் சந்தேகம் வராது.

பொக்ஸ் எஞ்சினோடு கையாலேயே ஒட்டி நிற்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள், பம்ப் உடையும். ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

மெனுவல் கியர் என்றால் வேலை குறைவா?

பொக்ஸ் பாரம் குறைவு, கன்வெர்ட்டர் தொல்லை இல்லை. பதிலுக்கு க்ளச் தட்டை மையத்தில் நிறுத்த வேண்டும், இரட்டை ஃப்ளைவீலின் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மலை ரோட்டில் ஓடிய காரென்றால் க்ளச்சைச் சேர்த்தே மாற்றுங்கள்.

கியர் ஒயில் எப்படி நிரப்புவது?

இசட்.எஃப். லைஃப்கார்ட் 8 அல்லது அதே தரம். ஒயில் ஆயுள் முழுக்க வரும் என்ற பேச்சை நம்பாதீர்கள். பொக்ஸைச் செய்த நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் பிளாஸ்டிக் சம்ப்புக்குள்ளேயே இருப்பதால் சம்ப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

நிரப்பும்போது கார் நான்கு பக்கமும் மட்டமாக உயர்ந்திருக்க வேண்டும், இங்கேயும் ரசமட்டம் வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது பக்கத்துத் துளையில் வழியும் வரை ஊற்றி, ஸ்டார்ட் செய்து மறுபடி ஊற்றி, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கியராக மாற்றுங்கள். ஸ்கேனரில் ஒயில் வெப்பம் 40 பாகையை ஒட்டி இருக்கும்போது, எஞ்சின் ஓட, துளையைத் திறந்தால் மெல்லிய தாரையாக வழிய வேண்டும். கொட்டினால் கூடுதல், வராவிட்டால் குறைவு.

இறக்கும் வேலையை நானும், செயின் வேலையைப் பாஸும் பங்கு போடலாமா?

தாராளமாக. இந்தக் கருவிகளை வைத்திருக்கும் பாஸ் உங்கள் இடத்துக்கு வந்து டைமிங்கை மட்டும் பூட்டிக் கொடுத்தால் கூலியில் நல்ல மிச்சம். வரும் நாளை முதலில் உறுதி செய்துகொண்டு பிறகு போல்ட்டில் கை வையுங்கள். மூடியை அவர் கண் முன்னால் திறப்பதே மரியாதை, யார் எதைக் கழற்றினார் என்ற வாக்குவாதமும் வராது.

பழைய ஒயிலை என்ன செய்வது?

எஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும் சேர்ந்து ஒரு பெரிய கேன் நிரம்பும். வடிகானில் ஊற்றாதீர்கள். நம் கான் எல்லாம் ஓடையில் சேரும், ஓடைக்குக் கீழே யாரோ ஒருவர் தண்ணீர் எடுக்கும் பீலி இருக்கும். சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

முதல் ஸ்டார்ட், முதல் ஓட்டம்?

பூட்டு ஊசிகளை எல்லாம் எடுத்துவிட்டு, கையால் கிரேங்க்கை முழுதாக இரண்டு சுற்று சுற்றி மறுபடி ஊசி போட்டுப் பாருங்கள். சுகமாக நுழைய வேண்டும். சுற்றும்போது எங்காவது கெட்டியாகத் தடுத்தால் நிறுத்துங்கள், அது வால்வு. பிறகு இன்ஜெக்டர் பிளக்குகளைக் கழற்றி வைத்து, ஒயில் பிரஷர் விளக்கு அணையும் வரை சின்னச் சின்னதாக ஸ்டார்ட்டர் அடியுங்கள். டென்ஷனரில் ஒயில் ஏறாமல் எஞ்சின் பற்றினால் முதல் விநாடியிலேயே செயின் தாவலாம்.

பற்றிய பின் சில விநாடி கரகரப்பு இருந்து அடங்கும். பத்து நிமிடம் ஓடவிட்டுக் கீழே படுத்து, கூட்டின் அடியில் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஓட்டம் நகருக்குள், மட்டமான ரோட்டில். கினிகத்தேனை ஏற்றமோ ரம்பொடை இறக்கமோ அன்றைக்கு வேண்டாம். அடுத்த நாள் ஒரு ஏற்றம் ஏறி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு புரொப்பெலர் ஷாஃப்ட் நட்டுகளையும் சப்ஃபிரேம் போல்ட்டுகளையும் கண்ணால் சரிபாருங்கள். எஞ்சின் ஒயிலையும் ஃபில்டரையும் 1,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றி, கழற்றிய ஃபில்டரின் மடிப்புகளை மறுபடி விரித்துப் பார்த்துவிடுங்கள்.